பஞ்சுமிட்டாய் ஜோடி: இரட்டையர் பேட்மின்டனைப் பார்க்கப் பழகுவது எப்படி?

டிவியில் இரட்டையர் பேட்மின்டன் ஓடும்போது பக்கத்தில் வந்து உட்காருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். "என்ன இவ்வளவு வேகமா அடிக்கிறாங்க, காக் எங்க போகுதுன்னே தெரியலையே?" என்பது முதல் கேள்வி. நாலு மேட்ச் பார்த்தால் அந்த இறகுப் பந்துக்குக் கண் பழகிவிடும் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். "இந்த ரெண்டு பேர்ல யாரு பெரிய ஆளு?" என்பது இரண்டாவது. இதற்கு ஒரு வரியில் பதில் கிடையாது. இந்தக் கட்டுரையே அந்தப் பதில்தான்.

உதாரணத்துக்கு ஜப்பான்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பெயர் யூட்டா வாட்டனாபே. 1997 ஜூனில் டோக்கியோவில் பிறந்தவர், இடதுகைக்காரர். உயரம் 167 சென்டிமீட்டர்; கோர்ட்டில் எதிரே நிற்கும் பலரின் தோளுக்கு வருவார். 20 வயதில் ஆல் இங்கிலாந்து என்ற பெரிய போட்டியில் கலப்பு இரட்டையர் (ஆணும் பெண்ணும் ஜோடி) பட்டம், 22 வயதில் அதே ஆல் இங்கிலாந்தில் ஆண்கள் இரட்டையர் பட்டம், அடுத்த ஆண்டு ஒரே நாளில் இரண்டு பட்டமும். பிறகு இரண்டு ஒலிம்பிக் வெண்கலம். ஆனால் இவ்வளவையும் வரிசையாகச் சொல்லிவிட்டாலும் அவருடைய கதையைச் சொன்னதாகாது. ஒவ்வொரு பட்டத்தின் பக்கத்திலும் இன்னொரு பெயர் நிற்கிறது. அந்தப் பெயர் மாறும்போது வாட்டனாபேயின் ஆட்டமே வேறாகிவிடுகிறது. ஒற்றையர் ஆடுகிறவருக்கு ஒரே கதை. இரட்டையர் ஆடுகிறவருக்கு ஜோடிக்கு ஒரு கதை.

ஜப்பான் ரசிகர்கள் இதை நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். அங்கே செல்லப்பெயர் ஆளுக்கு வைப்பதில்லை, ஜோடிக்கு வைக்கிறார்கள். பெண்கள் இரட்டையரில் டகாஹாஷியும் மட்சுடோமோவும் சேர்ந்தால் 'டகாமட்சு'. ஃபுகுஷிமாவும் ஹிரோட்டாவும் 'ஃபுகுஹிரோ'. வாட்டனாபேயும் அவருடைய கலப்பு இரட்டையர் பார்ட்னர் அரிசா ஹிகாஷினோவும் 'வாட்டகாஷி'. முன்னவர் பெயரின் தலையையும் பின்னவர் பெயரின் நடுவையும் ஒட்டிச் செய்த சொல் இது. ஜப்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு பொருள் உண்டு: பஞ்சுமிட்டாய். உலகத்தின் மிக வேகமான ராக்கெட் விளையாட்டில் எதிராளிகளைத் திணறடித்த இருவருக்குப் பஞ்சுமிட்டாய் என்று பெயர்.

சர்வீஸ் என்னும் பலவீனம்

முதலில் கோர்ட்டைப் பார்த்துவிடலாம். நீளம் 13.4 மீட்டர். அகலம் ஒற்றையருக்கு 5.18 மீட்டர், இரட்டையருக்கு 6.1 மீட்டர். ஆள் இரண்டு மடங்காகும்போது இடம் ஒரு மீட்டர்கூடக் கூடவில்லை என்பதைக் கவனியுங்கள். கோர்ட்டில் காலி இடம் என்று ஒன்று இல்லவே இல்லாததுபோல் தோன்றும். இருக்கிறது, ஆனால் அது அரை நொடிக்கு ஒருமுறை இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

சர்வீஸ் போடும் கட்டத்துக்குத் தனிக் கணக்கு. இரட்டையரில் அந்தக் கட்டம் பின்கோடு வரை போகாது. அதற்கு 76 சென்டிமீட்டர் முன்னாலேயே முடிந்துவிடும். ஒற்றையரில் சர்வீஸைத் தூக்கிப் பின்னால் அனுப்பி நிதானமாக ஆட்டத்தைத் தொடங்கலாம். இரட்டையரில் அப்படித் தூக்கினால் பின்னால் போதிய இடமில்லாததால் எதிராளி இரண்டு எட்டில் போய் ஓங்கி அடித்துவிடுவார். அதனால்தான் இரட்டையரில் எல்லோரும் ராக்கெட்டைப் புறங்கைப் பக்கம் (பேக்ஹேண்ட்) திருப்பி, காக்கின் இறகு நுனியைக் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடித்துக்கொண்டு, எறும்பைத் தட்டிவிடுவதுபோல் ஒரு தட்டு தட்டுகிறார்கள். காக் நெட்டின் வெள்ளை நாடாவை உரசுகிற மாதிரி போய் முன்கோட்டை ஒட்டி விழ வேண்டும். ஒரு சாண் உயர்ந்தால் புள்ளி போச்சு.

டென்னிஸ் பார்த்துப் பழகியவர்கள் இங்கேதான் குழம்புவார்கள். டென்னிஸில் சர்வீஸ் ஆயுதம். இரட்டையர் பேட்மின்டனில் அது பலவீனம். நெட் நடுவில் 1.524 மீட்டர் உயரம். சர்வீஸ் போடும்போது காக் தரையிலிருந்து 1.15 மீட்டருக்கு மேலே இருக்கக் கூடாது. ஆகவே சர்வீஸ் கீழிருந்து மேலேதான் போயாக வேண்டும். எதிரே நிற்பவருக்கு மேலிருந்து கீழே அடிக்க வாய்ப்பு. அவர் ஒரு காலை முன்வைத்து, ராக்கெட்டை முகத்துக்கு மேலே தூக்கி, கோட்டை மிதிக்காத குறையாக நிற்பது அந்த வாய்ப்புக்காகத்தான்.

இந்த 1.15 மீட்டர் விதி பழையது அல்ல. முன்பு இடுப்பின் உயரம்தான் அளவு. ஆளுக்கு ஆள் இடுப்பு வேறுபடும், நடுவரின் கண்ணும் வேறுபடும், ஒரே தகராறு. 2018 மார்ச்சில் எல்லோருக்கும் ஒரே உயரம் என்று சோதனைக்குக் கொண்டுவந்தார்கள். உயரமானவர்கள் முழங்காலை மடக்கிக் குனிய வேண்டியதாயிற்று. அதே மாதம் பர்மிங்காமில் நடந்த ஆல் இங்கிலாந்தில்தான் பஞ்சுமிட்டாய் ஜோடி முதல் பெரிய பட்டத்தை வென்றது. விதி மாறியதால் வென்றார்கள் என்று நான் சொல்லவரவில்லை. இறுதியில் அவர்கள் வீழ்த்திய சீனாவின் ஜெங் சிவெய் – ஹுவாங் யாசியோங் ஜோடியை அப்படியெல்லாம் வீழ்த்திவிட முடியாது. முதல் கேம் 15-21 என்று போனது. இரண்டாவது 22-20 என்று மயிரிழையில் வந்தது. மூன்றாவது 21-16. ஆல் இங்கிலாந்து கலப்பு இரட்டையரில் ஜப்பானுக்கு அதுதான் முதல் பட்டம். வாட்டனாபேக்கு அப்போது 20 வயது, ஹிகாஷினோவுக்கு 21.

எங்கே நிற்பது என்ற குழப்பம்

புதிதாக ஆடுகிறவர்கள் சண்டை போடுவது புள்ளிக்காக அல்ல, "இப்ப யாரு சர்வீஸ்? நீ எந்தப் பக்கம்?" என்பதற்காகத்தான். நாங்கள் சாயந்தரம் ஆடும் கோர்ட்டில் இந்தப் பஞ்சாயத்து நடக்காத நாளே கிடையாது.

விதி உண்மையில் எளிது. உங்கள் அணியின் புள்ளி இரட்டைப்படை என்றால் வலது கட்டத்திலிருந்து சர்வீஸ், ஒற்றைப்படை என்றால் இடது கட்டத்திலிருந்து. சர்வீஸ் போட்டு அந்த ராலியை, அதாவது காக் கீழே விழும்வரை நடக்கும் ஆட்டத்தை, ஜெயித்தால், போட்டவரே பக்கம் மாறி மறுபடி போடுவார். தோற்றால் புள்ளியும் சர்வீஸும் எதிரணிக்கு; அவர்களில் யார் போடுவது என்பதை அவர்களுடைய புள்ளி சொல்லும். இதில் ஒன்றே ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் போதும்: சர்வீஸ் கையில் இருந்து புள்ளியும் எடுத்தால் மட்டும்தான் இடம் மாற வேண்டும். மற்ற எந்தச் சமயத்திலும் நின்ற இடத்தில் நில்லுங்கள்.

வாட்டனாபே 0-0 என்ற நிலையில் வலது கட்டத்திலிருந்து போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஜெயித்தால் 1-0, அவரே இடப்பக்கம் போய்ப் போடுவார், ஹிகாஷினோ வலப்பக்கம். அதில் தோற்றால் 1-1. ஒன்று ஒற்றைப்படை என்பதால் எதிரணியில் இடது கட்டத்தில் நிற்பவர் சர்வீஸ் போடுவார். வாட்டனாபேயும் ஹிகாஷினோவும் அசையமாட்டார்கள். 21 புள்ளி எடுத்தால் கேம். 20-20 ஆகிவிட்டால் இரண்டு புள்ளி வித்தியாசம் வேண்டும். அதுவும் இழுத்துக்கொண்டே போனால் 30ல் முடித்துவிடுவார்கள்.

இந்தக் கட்டுப்பாடெல்லாம் சர்வீஸை வாங்க நிற்பவர் அதைத் திருப்பி அடிக்கும் வரைக்கும்தான். அதற்கப்புறம் யார் எங்கே வேண்டுமானாலும் ஓடலாம், யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். டேபிள் டென்னிஸ் மாதிரி மாறி மாறி அடிக்க வேண்டும் என்ற விதி இங்கே இல்லை. ஒருவரே அடுத்தடுத்து நாலு அடி அடித்தாலும் சரிதான்.

காக்கைப் பார்க்காதீர்கள்

சர்வீஸுக்குப் பிறகு ஜோடி எப்படி நகர்கிறது என்பதுதான் இரட்டையரின் உயிர். அடிப்படையில் நிற்கும் முறை இரண்டே. தாக்கும்போது முன்னும் பின்னுமாக நிற்பார்கள். தடுக்கும்போது பக்கம் பக்கமாக நிற்பார்கள்.

காரணம் ரொம்ப நேரடியானது. நம் ஆள் பின்னாலிருந்து ஸ்மாஷ், அதாவது மேலிருந்து கீழே ஓங்கி, அடிக்கிறார். அது திரும்பி வந்தால் பெரும்பாலும் நெட் பக்கம் தளர்ந்து வரும். அதைப் பிடிக்க ஒருவர் முன்னால் வேண்டும். பின்னால் இருப்பவர் அடிப்பார், முன்னால் இருப்பவர் முடிப்பார். எதிரணியோ அந்த ஸ்மாஷ் இடப்பக்கம் வருமா, வலப்பக்கம் வருமா, நடுவில் வருமா என்று தெரியாமல் அகலத்தைப் பங்குபோட்டுக்கொண்டு நிற்கும்.

இப்போது ஆட்டம் திரும்புகிறது என்று வையுங்கள். நம் ஆள் வேறு வழியில்லாமல் காக்கைத் தூக்கிவிட்டார். அந்தக் கணமே முன்னால் இருந்தவர் பக்கவாட்டில் பின்வாங்க வேண்டும், பின்னால் இருந்தவர் அவருக்கு எதிர்ப்பக்கம் இறங்க வேண்டும். யாரும் "நீ இந்தப் பக்கம் வா" என்று கத்திக்கொண்டிருக்க நேரமில்லை. யார் காக்கைத் தூக்கினார், எந்த மூலைக்குத் தூக்கினார் என்பதிலிருந்து இருவருமே தங்கள் இடத்தைப் படித்துக்கொள்ள வேண்டும். இதைத்தான் ரொட்டேஷன் என்கிறார்கள்.

ஆகவே அடுத்த முறை மேட்ச் பார்க்கும்போது ஒரு கேம் முழுக்கக் காக்கைத் துரத்தாமல், அதை அடிக்காத ஆள் என்ன செய்கிறார் என்று மட்டும் பாருங்கள். பார்ட்னர் பின்னால் ஸ்மாஷுக்குக் குதிக்கும்போதே முன்னால் இருப்பவர் அரை எட்டு எந்தப் பக்கம் சாய்கிறார்? ராக்கெட் நெஞ்சுக்கு மேலே இருக்கிறதா, தொங்குகிறதா? இதைப் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் எனக்கு இரட்டையர் பிடிபட்டது. அதுவரை நானும் ஸ்மாஷ் சத்தத்துக்குத்தான் கைதட்டிக்கொண்டிருந்தேன்.

கலப்பு இரட்டையர்: யார் முன்னால், யார் பின்னால்

கலப்பு இரட்டையரில் இந்த அமைப்புக்கு ஒரு பழைய மரபு சேர்ந்துகொள்கிறது. பெண் முன்னால் நெட்டைப் பார்த்துக்கொள்வார், ஆண் பின்னால் நின்று அடிப்பார். ஆண் சர்வீஸ் போடும்போதுகூட அந்தப் பெண் அவருக்கு முன்னால் நிற்பார். அவர் பின்னாலிருந்து போடுவார். முதல் முறை பார்ப்பவர்களுக்கு அது விநோதமாக இருக்கும். எதிரணியின் வேலை இந்த அமைப்பைக் கலைப்பது, அதாவது பெண்ணைப் பின்னாலும் ஆணை முன்னாலும் இழுத்துவிடுவது. இழுத்துவிட்டால் பாதி வென்ற மாதிரி.

பஞ்சுமிட்டாய் ஜோடியிடம் அந்தப் பாதி வெற்றி எடுபடவில்லை. ஹிகாஷினோவைப் பின்னால் தள்ளினால் அவர் அங்கிருந்தே கனமான ஸ்மாஷ் அடிப்பார். பெண்கள் ஆட்டத்தில் பின்வரிசையிலிருந்து அவர் அளவுக்குப் பலமாக அடிப்பவர்கள் குறைவு. அப்போது முன்னால் வந்துவிட்ட வாட்டனாபே அங்கே மாட்டிக்கொண்டவராகத் தெரியமாட்டார். நெட்டில் அவர் கை அவ்வளவு மென்மை. காக்கை நெட்டின் மறுபுறம் ஒரு சாண் தூரத்தில் செத்து விழவைப்பார், அல்லது அடிக்கப்போவதாகக் காட்டி கடைசி நொடியில் மணிக்கட்டை மடக்கி வேறு பக்கம் விடுவார். எதிரணி பாடுபட்டு அமைப்பைக் கலைத்துப் பார்த்தால், கலைந்த அமைப்பும் ஓர் அமைப்பாகவே இருக்கும்.

இந்தப் புரிதல் ஒரு நாளில் வந்ததல்ல. ஹிகாஷினோ ஹொக்கைடோக்காரர், வாட்டனாபே டோக்கியோக்காரர்; இருவரும் சிறு வயதிலேயே வீட்டை விட்டு ஃபுகுஷிமா மாகாணத்தின் டோமியோகா என்ற ஊருக்குப் படிக்க வந்தவர்கள். பேட்மின்டனுக்குப் பேர்போன பள்ளிகள் அங்கே இருந்தன. பின்னாளில் உலக சாம்பியனான கென்டோ மொமோட்டாவும் அங்கே படித்தவர்தான். ஹிகாஷினோ ஒரு வகுப்பு மேலே. ஜப்பானியப் பள்ளியில் ஒரு வகுப்பு மேலே என்பது சின்ன விஷயமில்லை. மூத்தவர் 'செம்பாய்', இளையவர் 'கோஹாய்'. பேச்சிலும் பழக்கத்திலும் அந்த ஏற்றத்தாழ்வு வாழ்நாள் முழுக்கத் தொடரும்.

2011 மார்ச் 11 நிலநடுக்கமும் சுனாமியும் அணு உலை விபத்தும் அந்த ஊரைக் காலி செய்ய வைத்தன. டோமியோகா அணு உலைக்கு மிக அருகில் இருந்த ஊர்களில் ஒன்று. பிள்ளைகள் அவரவர் ஊருக்குச் சிதறினார்கள். சில வாரங்கள் கழித்து மலைப்பக்கமாக இருக்கும் இனவாஷிரோ என்ற ஊரில் பயிற்சி மறுபடி தொடங்கியது. இந்த இரண்டு பேரும் அங்கே வளர்ந்தவர்கள். பள்ளிக் காலத்திலேயே ஜோடி சேர்ந்து 2014 உலக ஜூனியர் போட்டியில் வெண்கலம் வாங்கினார்கள். டோமியோகா உயர்நிலைப் பள்ளி 2017ல் மூடப்பட்டது. அதன் பேட்மின்டன் வேறொரு பள்ளியில் தொடர்கிறது.

பள்ளி முடிந்ததும் ஜப்பான் ஆட்டக்காரர்கள் போகும் வழி நமக்குப் பழக்கமில்லாதது. அங்கே பெரிய கம்பெனிகள் சொந்தமாக அணி வைத்திருக்கின்றன. ஆட்டக்காரர் அந்தக் கம்பெனியின் பெயரைச் சட்டையில் போட்டுக்கொண்டு உள்நாட்டு லீக் ஆடுவார். வாட்டனாபேயும் ஹிகாஷினோவும் சேர்ந்தது நிப்பான் யூனிசிஸ் அணியில். 2022ல் அந்தக் கம்பெனியே பிப்ரோஜி என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஒரே அணியில் இருப்பதால் தேசிய முகாம் இல்லாத நாளிலும் சேர்ந்து பழகலாம். தேசிய அணிக்குப் பல ஆண்டுகள் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர் கொரியாவின் பார்க் ஜூ-பாங். 1992 பார்சிலோனாவில் ஆண்கள் இரட்டையர் தங்கம் வென்ற அவர் 2004ல் ஜப்பானுக்கு வந்தார். கலப்பு இரட்டையருக்கென்றே மலேசியாவின் ஜெரமி கானை 2018ல் கொண்டுவந்தார்கள். அதற்கு முன் ஜப்பானில் கலப்பு இரட்டையரை யாரும் அவ்வளவு பொருட்படுத்தியதில்லை.

இன்னொரு பார்ட்னர், இன்னொரு வாட்டனாபே

இதே காலத்தில் வாட்டனாபேக்கு இன்னொரு ஜோடியும் இருந்தது. ஹிரோயுகி எண்டோ. 1986ல் பிறந்தவர், வாட்டனாபேயைவிடப் பத்து வயது மூத்தவர். எண்டோவின் கதை கொஞ்சம் வருத்தமானது. பழைய பார்ட்னர் கெனிச்சி ஹயகாவாவோடு 2013, 2014, 2016 என்று மூன்று முறை ஆல் இங்கிலாந்து இறுதிக்குப் போய் மூன்று முறையும் தோற்றவர். ரியோ ஒலிம்பிக்குக்குப் பிறகு அந்த ஜோடி முடிந்தது. அப்போது எண்டோவுக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த வயதில் பள்ளியிலிருந்து அப்போதுதான் வந்த பையனோடு முதலிலிருந்து தொடங்கினார்.

கலப்பு இரட்டையரில் தாக்கிக்கொண்டும் நெட்டில் விளையாடிக்கொண்டும் இருந்த வாட்டனாபே, எண்டோவோடு நின்றபோது தடுப்பாட்டக்காரர் ஆனார். அந்தச் சமயத்தில் உலகத்தையே ஆட்டிவைத்துக்கொண்டிருந்தவர்கள் இந்தோனேசியாவின் மார்கஸ் கிடியோன், கெவின் சுகமுல்ஜோ. நெட் உயரத்தில் காக்கைப் படபடவென்று தட்டித் தட்டி எதிராளியை மூச்சுவிடாமல் செய்வார்கள். எண்டோவும் வாட்டனாபேயும் அந்த வேகப்போட்டிக்கே போகவில்லை. காக்கைத் தூக்கித் தூக்கி ஆழத்துக்கு அனுப்பினார்கள். அடி, இன்னும் அடி என்று அடிக்கவிட்டார்கள். எவ்வளவு அடித்தாலும் திரும்பி வந்தது. 2019 ஏப்ரலில் ஊகானில் நடந்த ஆசிய சாம்பியன்ஷிப் இறுதியில் ஸ்கோர் 21-18, 21-3. மூன்று! உலகத்தின் முதல் நிலை ஜோடிக்கு ஒரு கேமில் மூன்று புள்ளி. அடித்து அடித்து அலுத்துப்போன ஒரு ஜோடியின் ஸ்கோர் அது.

2020 மார்ச்சில் ஆல் இங்கிலாந்து இறுதியில் மறுபடி அதே நால்வர். 21-18, 12-21, 21-19. எண்டோ நாலாவது முறையில் வென்றார், 33 வயதில். அந்தப் போட்டி முடிந்த கையோடு கொரோனாவால் உலகப் போட்டிகள் எல்லாம் நின்றுபோயின.

இங்கே இடதுகை விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஒருவர் வலதுகை, ஒருவர் இடதுகை என்று அமைந்த ஜோடிக்கு ஒரு வசதி உண்டு. பக்கம் பக்கமாக நிற்கும்போது வலதுகைக்காரர் வலப்பக்கமும் இடதுகைக்காரர் இடப்பக்கமும் நின்றால், இரண்டு ஓரமும் பலமான முன்கைப் பக்கமாக (ஃபோர்ஹேண்ட்) அமைந்துவிடும். மாறி நின்றால் நடுப்பகுதி முழுக்க இருவரின் முன்கையும் சேர்ந்து காக்கும். எதிரணி "புறங்கைப் பக்கம் பார்த்து அடி" என்று ஒரே திசையை மனப்பாடம் பண்ணிக்கொண்டு வர முடியாது. ஆள் இடம் மாறினால் பலவீனமும் இடம் மாறும். இன்னொன்று காக்கிலேயே இருக்கிறது. அதன் 16 இறகுகளும் ஒன்றன்மேல் ஒன்று ஒரே பக்கமாகச் சாய்ந்து செருகப்பட்டவை. அதனால் அது பறக்கும்போது எப்போதும் ஒரே திசையில்தான் சுழலும். வலதுகைக்காரர் நெட்டை ஒட்டி விழும்படி வெட்டியடிக்கும் டிராப்பும் இடதுகைக்காரர் வெட்டியடிக்கும் டிராப்பும் அந்தச் சுழற்சியோடு வேறு வேறு விதமாக உரசுவதால் ஒரே மாதிரி இறங்காது. எங்கள் கோர்ட்டுக்கு இடதுகைப் பையன் ஒருவன் எப்போதாவது வருவான். அவன் வந்தால் முதல் பத்து நிமிஷம் எல்லோருமே தடுமாறுவோம்.

2021 மார்ச் 21 அன்று பர்மிங்காமில் வாட்டனாபே இரண்டு இறுதி ஆட்டங்கள் ஆடினார். ஹிகாஷினோவோடு கலப்பு இரட்டையர், எண்டோவோடு ஆண்கள் இரட்டையர். இரண்டிலும் வெற்றி, இரண்டிலும் எதிரே நின்றவர்கள் ஜப்பானியர்களே. சீனாவும் கொரியாவும் அந்த ஆண்டு வரவில்லை, இந்தோனேசிய அணி விமானத்தில் ஏற்பட்ட கொரோனா தொடர்பால் பாதியிலேயே வெளியேற்றப்பட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இருந்தாலும் ஒரே நாளில் இரண்டு விதமான மூளையோடு ஆடுவது, காலையும் மூச்சையும் விடுங்கள், தலைக்கே பெரிய வேலை. முன்னால் யார் நிற்கிறார், தூக்கினால் யார் எந்தப் பக்கம் போவார் என்பதெல்லாம் இரண்டு மணி நேரத்தில் மாறிவிடுகிறது.

அந்தக் கலப்பு இரட்டையர் இறுதியில் நெட்டுக்கு அந்தப்பக்கம் நின்றவர் மிசாகி மட்சுடோமோ. மேலே சொன்ன டகாமட்சுவில் பாதி. 2016 ரியோவில் அயாகா டகாஹாஷியோடு சேர்ந்து ஜப்பானின் முதல் பேட்மின்டன் தங்கத்தை வென்றவர். டென்மார்க் ஜோடியிடம் கடைசி கேமில் 16-19 என்று பின்தங்கி, அங்கிருந்து வரிசையாக ஐந்து புள்ளி எடுத்த ஆட்டம் அது. 2020ல் டகாஹாஷி ஓய்வு பெற்றார். ஒலிம்பிக் தங்கம் வாங்கிய மட்சுடோமோ பெண்கள் இரட்டையரை விட்டுவிட்டு, யூகி கனேகோவோடு கலப்பு இரட்டையருக்கு வந்தார்.

தரவரிசை ஆளுக்கு இல்லை

மட்சுடோமோ ஏன் இன்னொரு பெண்ணோடு சேர்ந்து டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போகவில்லை என்று தோன்றலாம். தரவரிசையின் கணக்கு அப்படி. உலகத் தரவரிசையில் கடந்த 52 வாரத்தில் ஒரு ஜோடி ஆடிய போட்டிகளில் சிறந்த பத்தின் புள்ளிகளைக் கூட்டுவார்கள். கவனியுங்கள், ஜோடியின் புள்ளி. பார்ட்னர் மாறினால் அந்தக் கணக்கு கூடவே வராது. போட்டிக்குள் நுழைய மட்டும் பழைய தகுதியை ஓரளவு பார்ப்பார்கள். தரவரிசைப் பட்டியலில் புது ஜோடி அடியிலிருந்துதான் ஏற வேண்டும்.

ஒலிம்பிக்கில் இது இன்னும் கொடுமை. ஒவ்வோர் இரட்டையர் பிரிவிலும் 16 ஜோடிகள்தான். ஒரு நாட்டுக்கு அதிகபட்சம் இரண்டு, அதுவும் இரண்டுமே முதல் எட்டுக்குள் இருந்தால்தான். டோக்கியோவுக்கு முன் ஜப்பானின் பெண்கள் இரட்டையரில் பதக்கம் வாங்கக்கூடிய ஜோடிகள் மூன்று இருந்தன: டகாமட்சு, ஃபுகுஹிரோ, மயு மட்சுமோட்டோவும் வகானா நகாஹாராவும் சேர்ந்த நகாமட்சு. உலக சாம்பியன்ஷிப்பில் 2018லும் 2019லும் இறுதியில் ஃபுகுஹிரோவும் நகாமட்சுவும்தான் மோதிக்கொண்டன. மூன்றில் ஒன்று வீட்டில் இருந்தாக வேண்டும். தரவரிசைப் பட்டியலைப் பார்த்தால் அது எந்த ஜோடி என்று தெரிந்துவிடும்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 2024க்குப் பின் ஃபுகுஹிரோவின் ஃபுகுஷிமாவும் நகாமட்சுவின் மட்சுமோட்டோவும் ஒரு ஜோடியாகச் சேர்ந்துகொண்டார்கள். பல ஆண்டுகள் நெட்டுக்கு எதிரெதிரே நின்றவர்கள் இப்போது ஒரே பக்கம்.

டோக்கியோ ஒலிம்பிக்கில் வாட்டனாபே இரண்டு பிரிவிலும் ஆடினார். எண்டோவோடு காலிறுதியில் தைவானின் லீ யாங் – வாங் சி-லின்னிடம் தோல்வி. அந்த ஜோடிதான் பிறகு தங்கம் வென்றது. ஹிகாஷினோவோடு வெண்கலம். ஹாங்காங் ஜோடியை 21-17, 23-21 என்று வென்று, கலப்பு இரட்டையரில் ஜப்பானின் முதல் ஒலிம்பிக் பதக்கம். அதோடு எண்டோ விடைபெற்றார். 2022 ஆல் இங்கிலாந்தில் பஞ்சுமிட்டாய் ஜோடிக்கு மூன்றாவது பட்டம். உலக சாம்பியன்ஷிப்பில் 2021லும் 2022லும் வெள்ளி. இரண்டாவது வெள்ளி டோக்கியோவில், சொந்த ஊர்க் கூட்டத்தின் முன்னால், 2018ல் வீழ்த்திய அதே ஜெங் – ஹுவாங்கிடம் தோற்று. 2024 பாரிஸில் கொரியாவின் சியோ சியுங்-ஜே – சே யூ-ஜங் ஜோடியை 21-13, 22-20 என்று வென்று இன்னொரு வெண்கலம். தங்கம் மட்டும் கடைசிவரை வரவில்லை.

அந்த ஆண்டே ஜோடி பிரிந்தது. சண்டை இல்லை, சச்சரவு இல்லை; ஜப்பானில் ஒலிம்பிக் முடிந்ததும் ஜோடிகள் கலைவது ஏறக்குறைய ஒரு பருவம் மாதிரி. பள்ளிச் சட்டையோடு தொடங்கிய பஞ்சுமிட்டாய் பத்தாண்டுக்கும் மேல் கரையாமல் இருந்ததே பெரிது.

வாட்டனாபே கலப்பு இரட்டையரைத் தொடர்ந்தார். புதிய பார்ட்னர் மாயா டகுச்சி, 2005ல் பிறந்தவர். ஹிகாஷினோவோடு ஆடிய காலம் முழுக்க வாட்டனாபேதான் கோஹாய். இந்த ஜோடியில் அவர் செம்பாய்.